தி மெசேஜ்: டிஜே இல்லாமல் வந்த டிஜே பாட்டு

1982 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு இசைத்தட்டு வெளியானது. பாட்டின் பெயர் 'தி மெசேஜ்'. குழுவின் பெயர் 'கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ்'. ராப் இசையின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்தப் பாட்டைத் தாண்டிப் போக முடியாது. வேடிக்கை என்னவென்றால், பெயரில் முதலில் நிற்கும் ஃப்ளாஷ் இதில் எதுவும் வாசிக்கவில்லை. 'ஃப்யூரியஸ் ஃபைவ்' என்ற ஐந்து பேரில் நான்கு பேர் ராப் பாடவில்லை. பாட்டின் பெரும்பகுதியை எழுதியவர் அந்தக் குழுவிலேயே இல்லை. போதாததற்கு, பாட்டே வேண்டாம் என்றுதான் குழு முதலில் சொன்னது.

இவ்வளவு கோணல்களோடு பிறந்த பாட்டு எப்படி ஹிப்-ஹாப்பின் திருப்புமுனை ஆனது? அதைச் சொன்னால் பிரேக், எம்சி, ராப் என்று அடிக்கடி காதில் விழும் சொற்களுக்கும் சேர்த்தே விளக்கம் கிடைத்துவிடும். இசையைப் பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முதலில் டிஜே, பிறகுதான் பேச்சு

டிஜே கலையும் ராப்பும் சேர்ந்த ஹிப்-ஹாப் ஒரு பார்ட்டியில் தொடங்கியது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். அங்கே கீழ்த்தளப் பொது அறையில் தன் தங்கை நடத்திய பார்ட்டிக்கு இசைத்தட்டுப் போட்டார், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். ஆட வருகிறவர்கள் பாட்டின் எந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கவனித்துவந்தார். பாடகர் நிறுத்திவிடுவார், கிட்டாரும் நின்றுவிடும், டிரம்ஸ் மட்டும் சில நொடிகள் தனியாக ஒலிக்கும். அந்த இடத்துக்குப் பெயர் பிரேக். கூட்டம் துள்ளுவது அங்கேதான். அப்படியானால் அந்தச் சில நொடிகளை நீட்டினால் என்ன? ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் (தட்டைச் சுழற்றும் கருவியில்) வைத்து, ஒன்றில் பிரேக் முடிந்ததும் மற்றதில் அதே பிரேக்கைத் தொடங்கினார். பத்து நொடி பத்து நிமிடமானது.

ஹெர்க் கண்டுபிடித்ததைத் துல்லியமான கலையாக்கியவர் ஃப்ளாஷ். இயற்பெயர் ஜோசஃப் சாட்லர். பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர். தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தவர் என்பதால் கருவியைப் பிரித்துப் பார்க்கும் கை அவருக்கு. ஹெர்க் ஊசியைக் குத்துமதிப்பாக வைக்கும்போது தாளம் தப்புவது அவருக்கு உறுத்தியது. இசைத்தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டார்: பிரேக் தொடங்கும் இடம் இது. கோடு எத்தனை சுற்று கடந்தது என்று எண்ணி, அத்தனை சுற்றைக் கையால் பின்னால் தள்ளினால் ஊசி சரியாகப் பழைய இடத்தில் நிற்கும். தட்டு எளிதாக வழுக்க வேண்டுமே, அதற்கு ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு விறைப்பாக்கி அடியில் விரித்தார். கூட்டத்துக்குக் கேட்காமல் தனக்கு மட்டும் அடுத்த தட்டைக் காதில் கேட்டுப் பார்த்துக்கொள்ள ஒரு சுவிட்சும் வைத்துக்கொண்டார். இன்று எந்த டிஜே மேசையைப் பார்த்தாலும் இந்த யோசனைகளின் வாரிசுகள் அங்கே இருக்கும்.

சரி, ராப் எங்கே? இரண்டு கையும் தட்டில் இருக்கும் டிஜேவால் கூட்டத்தோடு பேச முடியாது. மைக்கைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அவர்தான் எம்சி. தொடக்கத்தில் அவருடைய வேலை சின்னது. டிஜேயின் புகழைப் பாடுவது, கையைத் தூக்கச் சொல்வது, யார் எந்தத் தெருவிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று கேட்டுக் கூச்சலிட வைப்பது. ஃப்ளாஷிடம் முதலில் கவ்பாய் சேர்ந்தார். பிறகு மெல்லி மெல், அவருடைய அண்ணன் கிட் கிரியோல், அப்புறம் ஸ்கார்ப்பியோ, ரஹீம். ஐந்து பேரும் ஒருவர் வரியை ஒருவர் பிடுங்கி முடிப்பார்கள். மூச்சு விடும் இடம்கூட ஒத்திகை பார்த்ததுபோல இருக்கும். கூவிய வார்த்தைகள் மெல்ல மெல்ல எதுகை மோனையோடு அடுக்கடுக்கான அடிகளாக மாறின. நம் யாப்பில் இயைபு என்போமே, அடியின் கடைசி ஒலி ஒன்றுவது, அதுதான் ராப்பின் முதுகெலும்பு. இரண்டிரண்டு அடியாக ஒலி பொருந்த, டிரம் அடியின் மேல் அழுத்தம் விழ, ராகம் இல்லாமல் பேச்சாகவே ஓடும்.

இத்தனையும் நேரில் நடந்தவை. பார்ட்டி முடிந்தால் காற்றோடு போயிற்று. அதிகம் போனால் யாரோ பதிவு செய்த கேசட் கைமாறும். இதை இசைத்தட்டாக்கி விற்கலாம் என்று பிராங்க்ஸில் பெரும்பாலோர் நினைக்கவில்லை. நினைத்தவர் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியின் எங்கிள்வுட் ஊரில் இருந்த சில்வியா ராபின்சன். 1950களில் 'மிக்கி அண்ட் சில்வியா' என்ற இரட்டையராகப் பாடி ஹிட் கொடுத்தவர்; 1973இல் தனியாகவும் ஒரு பெரிய ஹிட் கொடுத்தவர். 1979இல் கணவர் ஜோவோடு சேர்ந்து சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பாட்டை வெளியிட்டார். அதில் டிஜே கிடையாது. 'ஷிக்' குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டின் தாளத்தை ஸ்டுடியோ கலைஞர்களே வாசிக்க, மூன்று இளைஞர்கள் அதன்மேல் ராப் செய்தார்கள். பாட்டு உலகம் முழுக்க ஓடியது. 'ஷிக்' தரப்பு உரிமை கேட்டு எழுந்ததும் அவர்கள் பெயரும் எழுதியோர் பட்டியலில் ஏறியது. டிஜே மேசையில் இருந்து ஹிப்-ஹாப் இறங்கத் தொடங்கிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஃப்ளாஷ் குழுவும் பிறகு அதே நிறுவனத்துக்கு வந்தது. 1981இல் ஃப்ளாஷ் தன் கைவித்தையை அப்படியே தட்டில் ஏற்றினார். 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஆன் தி வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்று ரயில் நீளத்துக்குப் பெயர். ஏற்கெனவே வெளியான பாட்டுகளை டர்ன்டேபிளில் வெட்டி ஒட்டியே செய்த ஏழு நிமிடப் பதிவு. டிஜே என்பவர் என்ன செய்வார் என்று யாராவது கேட்டால் இதைப் போட்டுக் காட்டினால் போதும். அடுத்த ஆண்டே வந்தது 'தி மெசேஜ்'.

நிலவறையில் எழுதிய பாட்டு

எட் ஃப்ளெட்சர், மேடைப் பெயர் ட்யூக் பூட்டி. சுகர் ஹில் ஸ்டுடியோவில் தாள வாத்தியம் வாசித்தவர், கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர். பிராங்க்ஸ்காரர் அல்லர், நியூஜெர்சியின் எலிசபெத் நகரத்தில் வளர்ந்தவர். 1980இல் அங்கே அம்மா வீட்டு நிலவறையில் உட்கார்ந்துதான் இந்தப் பாட்டின் வரிகளை எழுதத் தொடங்கினார். எதிரே ஒரு பூங்கா. இரவில் அங்கிருந்து கண்ணாடி பாட்டில் உடையும் சத்தம் வரும். பாட்டின் முதல் காட்சியே உடைந்த கண்ணாடி சிதறிக் கிடக்கும் தெருதான். 'சில நேரம் இது காடு மாதிரி இருக்கிறது, நான் எப்படித்தான் மூழ்காமல் இருக்கிறேனோ' என்ற பல்லவி அவருடையது. பிராங்க்ஸின் குரல் என்று உலகம் கொண்டாடும் வரிகள் ஆற்றுக்கு அந்தப்பக்கம் வேறொரு மாநிலத்தில் பிறந்தன. தொழில் மூடிப்போய் ஆள் வெளியேறிய அமெரிக்க நகரங்கள் அன்று நிறைய இருந்தன. அவை ஒன்றுக்கொன்று அதிகம் வித்தியாசப்படவில்லை.

சில்வியாவுக்குப் பாட்டு பிடித்துவிட்டது. ஃப்ளாஷ் குழுவுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். வாரம் முழுக்க எலி, கரப்பான், வாடகைப் பாக்கி என்று அல்லாடிய மக்கள் சனிக்கிழமை இரவு அதையெல்லாம் மறக்கத்தான் பார்ட்டிக்கு வருகிறார்கள். அங்கேயும் எலியையும் கரப்பானையும் பற்றிப் பாடினால் யார் ஆடுவார்கள்? தொழில் தெரிந்தவர்களின் கணக்கு அது. சில்வியா விடவில்லை. கடைசியில் சரி என்றவர் மெல்லி மெல் ஒருவர்தான். அவரும் ஃப்ளெட்சரும் மாறி மாறிப் பாடினார்கள். சுகர் ஹில்லின் இசை ஏற்பாட்டாளர் ஜிக்ஸ் சேஸ், ஃப்ளெட்சர், சில்வியா ஆகியோரின் கையில் பாட்டு உருவானது. மற்றவர்களின் குரல் பாட்டின் கடைசியில் ஒரு சின்ன நாடகத்தில் மட்டும் வரும்: நண்பர்கள் தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், போலீஸ் கார் வந்து நிற்கிறது, காரணம் சொல்லாமல் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகிறது. ஃப்ளாஷின் குரலும் அங்கேதான்.

வீடியோ இன்னும் வேடிக்கை. குழு முழுவதும் தெருவில் நிற்கிறது. ஃப்ளெட்சரின் குரலுக்கு ரஹீம் வாயசைக்கிறார். நாம் பார்க்கும் முகம் ஒன்று, கேட்கும் குரல் வேறொன்று. நம் சினிமாவில் இது தினமும் நடப்பதுதான் என்றாலும், உண்மையைச் சொல்கிறேன் என்று பெயர் வாங்கிய பாட்டில் பார்க்கும்போது புன்னகை வருகிறது. இசைத்தட்டின் லேபிளிலாவது மெல்லி மெல், ட்யூக் பூட்டி என்ற இரு பெயர்களையும் குழுவின் பெயருக்குக் கீழே தனியாகப் போட்டார்கள்.

கேட்கும்போது எதைக் கவனிக்கலாம்?

முதலில் வேகம். அன்றைய பார்ட்டி ராப்புகளை விட இது மெதுவானது. ஆடத் துடிக்கும் கால்களுக்கு இழுவையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த மெதுவான நடையில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுகிறது. அடுத்தது வெற்றிடம். தாளம், அடியில் கனமாக ஒலிக்கும் கொஞ்சம் பேஸ், திரும்பத் திரும்ப வரும் கூரான சிந்தசைசர் துணுக்கு, அவ்வளவுதான். கூட்டத்தின் ஆரவாரம் கிடையாது, கொண்டாட்டத்துக்கு ஊதும் ஹார்ன் கிடையாது. இன்னொருவர் பாட்டிலிருந்து எடுத்த பிரேக்கும் இதில் இல்லை; இசை முழுவதும் இந்தப் பாட்டுக்காகவே செய்தது.

அப்புறம் வரிகள். அரசியல் பாட்டு என்று கேள்விப்பட்டு உள்ளே போகிறவர்கள் முழக்கத்தை எதிர்பார்ப்பார்கள். இதில் முழக்கமே இல்லை. வீட்டு முன்னறையில் எலி, பின்பக்கம் கரப்பான். நாற்றமும் சத்தமும் தாங்க முடியவில்லை, வீடு மாறக் கையில் காசில்லை. ஓடிவிடலாம் என்றால் தவணை கட்டாத காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மாவின் டிவியைத் தம்பி திருடிவிட்டான். நான் வீட்டில் இல்லாதபோது கடன்காரன் போன் செய்து மனைவியை மிரட்டுகிறான். மகன் பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறான். ஒரே மூச்சில் இரட்டை இலக்கப் பணவீக்கமும் ரயில் வேலைநிறுத்தமும் வருகின்றன. இவை ஒப்புக்குப் போட்டவை இல்லை. பாட்டு எழுதத் தொடங்கிய 1980இல் அமெரிக்கப் பணவீக்கம் சராசரியாக 13.5 சதவீதம், அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கின் ரயிலும் பேருந்தும் 11 நாள் ஓடவில்லை. செய்தித்தாளில் தலைப்பாக வந்தது இங்கே 'வேலைக்குப் போக முடியவில்லை' என்ற வீட்டுப் புலம்பலாக வருகிறது. யார் காரணம் என்று பாட்டு எங்கும் விரல் நீட்டவில்லை. 'தள்ளாதே, நான் விளிம்பில் நிற்கிறேன், புத்தி பேதலிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு மெல்லி மெல் ஒரு சிரிப்புச் சிரிப்பார். மகிழ்ச்சி துளியும் இல்லாத சிரிப்பு. எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பயமூட்டும் இடம் அது.

பிராங்க்ஸின் பின்னணியையும் இங்கே இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும். 1948இல் தொடங்கிக் குடியிருப்புகளின் நடுவே கட்டிய கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலை பல்லாயிரம் பேரை இடம்பெயர்த்தது. வேலைகள் போயின, வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள், 1970களில் நகர நிர்வாகம் திவாலாகும் நிலைக்குப் போய் தீயணைப்பு நிலையங்களைக்கூட மூடியது, கட்டடங்கள் வரிசையாக எரிந்தன. காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே தீ வைத்த கட்டடங்களும் அவற்றில் உண்டு.

கடைசிச் சரணம் தனி ரகம். அதுவரை 'நான்' என்று போன பாட்டு, 'ஒரு குழந்தை பிறக்கிறது' என்று திரும்புகிறது. அந்தக் குழந்தை தெருவில் வளர்கிறான். கையில் பணம் புரளும் சூதாட்டத் தரகர்களையும் ரவுடிகளையும் பார்த்து அவர்களைப்போல ஆக ஆசைப்படுகிறான். படிப்பை விடுகிறான், வேலை கிடைக்கவில்லை, வழிப்பறிக்குப் போகிறான், எட்டு வருடச் சிறை. சிறையில் சீரழிக்கப்படுகிறான். ஒருநாள் அறையில் தூக்கில் தொங்கிக் கிடக்கிறான். பிறப்பிலிருந்து சாவு வரை ஒரே சரணத்தில். இந்தச் சரணம் மட்டும் மெல்லி மெல் எழுதியது. புதிதாக எழுதியதும் இல்லை. குழு 1979இல் ஹார்லெமின் என்ஜாய் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காகச் செய்த 'சூப்பர்ராப்பின்' என்ற பாட்டிலேயே இது இருக்கிறது. அங்கே இது ஒரு குதூகலமான பார்ட்டி ராப்பின் நடுவே, துள்ளலான தாளத்தில், பத்தோடு பதினொன்றாக வந்து போகும். யாரும் நின்று கவனிக்கவில்லை. மூன்று ஆண்டு கழித்துச் சுற்றியிருந்த சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு அதே சொற்களை வைத்ததும் கேட்டவர்கள் உறைந்துபோனார்கள்.

இதுதான் 'தி மெசேஜ்' செய்த காரியம் என்பேன். கஷ்டத்தைப் பாடிய முதல் ராப் இதுவே என்று சிலர் எழுதுவார்கள், அது சரியில்லை. அவர்களுடைய பழைய பாட்டிலேயே அது இருந்தது என்று இப்போதுதான் பார்த்தோம். மாறியது மையம். அதுவரை டிஜே தலைவர், எம்சி அவருக்குக் கட்டியம் கூறுபவர். இந்தப் பாட்டுக்குப் பிறகு சொல்கிறவர் முன்னால் வந்தார், டிஜே பின்னால் போனார். அந்த இடமாற்றம் உலகத்திலேயே மிகச் சிறந்த டிஜேக்களில் ஒருவரின் பெயர் போட்ட தட்டிலேயே நடந்ததுதான் விசித்திரம்.

பிறகு நடந்தவை

அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் பொதுத் தரவரிசைப் பட்டியலில் பாட்டு 62ஆம் இடம்தான் எட்டியது. கறுப்பின மக்கள் அதிகம் கேட்ட ஆர் அண்ட் பி பட்டியலில் 4ஆம் இடம், பிரிட்டனில் 8ஆம் இடம். ஆட மாட்டார்கள் என்ற பயம் பொய்த்துவிட்டது. விமர்சகர்கள் வாக்களிக்கும் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழின் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1982இன் சிறந்த ஒற்றைப் பாட்டு இதுதான்.

அடுத்த ஆண்டே ரன்-டிஎம்சி குழு 'இட்ஸ் லைக் தட்' என்று இதே தடத்தில் வந்தது: வெறும் தாளம், வேலையில்லாத் திண்டாட்டம், கறாரான குரல். 1980களின் இறுதியில் பப்ளிக் எனிமி, என்.டபிள்யூ.ஏ. போன்ற ராப் குழுக்கள் எல்லாம் வரும்போது, தெருவில் நடப்பதை உள்ளே இருந்து சொல்வதுதான் ராப்பின் வேலை என்பது ஏறக்குறைய விதியாகிவிட்டது. இந்த விதியால் ராப்புக்கு நன்மை மட்டுமே நடந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தொடக்க கால எம்சிக்களின் விளையாட்டும் கேலியும் இதனால் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கப்பட்டன. துன்பம் இருந்தால்தான் அசல் என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது.

தாளம் தனி வாழ்க்கை வாழ்ந்தது. 1993இல் ராப் கலைஞர் ஐஸ் கியூப் தன் 'செக் யோ செல்ஃப்' ரீமிக்ஸுக்கு இதை எடுத்துக்கொண்டார். 1997இல் பஃப் டாடி 'கான்ட் நோபடி ஹோல்ட் மீ டவுன்' பாட்டில் இதே இசையைப் போட்டு, பல்லவியையும் தனக்கேற்ப மாற்றி, பணமும் புகழும் பற்றிப் பாடினார். அந்தப் பாட்டு பில்போர்டில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. வாடகை கட்ட முடியாதவனின் பாட்டு 62ஐத் தாண்டவில்லை, அதன்மேல் கட்டிய செல்வந்தனின் பாட்டு உச்சிக்குப் போனது. இதற்கு நான் தனியாக விளக்கம் எழுத வேண்டியதில்லை.

2002ஆம் ஆண்டுக்கான பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளாக முதல் 50ஐத் தேர்ந்தெடுத்தபோது அதில் இருந்த ஒரே ஹிப்-ஹாப் பாட்டு 'தி மெசேஜ்'. 2007இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்த முதல் ஹிப்-ஹாப் குழுவும் இவர்களே.

ஆனால் குழு அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே உடைந்திருந்தது. 1983இல் பணப் பங்கீடு தொடர்பாகவும் பெயர் உரிமை தொடர்பாகவும் ஃப்ளாஷுக்கும் நிறுவனத்துக்கும் வழக்கு. ஃப்ளாஷ், ரஹீம், கிட் கிரியோல் வேறு நிறுவனத்துக்குப் போனார்கள். மெல்லி மெல், கவ்பாய், ஸ்கார்ப்பியோ சுகர் ஹில்லிலேயே இருந்தார்கள். 1980களின் நடுவில் சுகர் ஹில்லும் நொடித்துப்போனது. ஃப்ளெட்சர் கொஞ்ச காலம் இசையில் இருந்துவிட்டு ஆசிரியராகிவிட்டார். ஜார்ஜியாவின் சவானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 2021 ஜனவரியில், 69 வயதில் காலமானார்.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 1979இன் 'சூப்பர்ராப்பின்': ஐந்து எம்சிக்கள் ஒன்றாக எப்படி ஓடினார்கள் என்பது அதில் கிடைக்கும், அந்தச் சரணம் எங்கே வருகிறது என்றும் காது கொடுங்கள். அடுத்து 'வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்', ஃப்ளாஷின் கைக்காக. மூன்றாவதாக 'தி மெசேஜ்'. சுருக்கிய பதிப்புகளும் சுற்றுகின்றன. ஏழு நிமிடம் 11 நொடி ஓடும் பன்னிரண்டு அங்குலத் தட்டின் பதிப்பையே எடுங்கள்.